மோட்டார் சுவிட்ச் யார் வீட்டில்?

ஹாஸ்டலில் இடம் கிடைக்காமல் வெளியே ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது சட்டென்று புரியும். நாங்கள் நாலு பேர் இருக்கும் மாடி ரூமுக்குத் தனி வாசல் உண்டு, தனிச் சாவியும் உண்டு. ஆனால் தண்ணீர் மோட்டார் சுவிட்ச் மட்டும் கீழே ஹவுஸ் ஓனர் வீட்டுக்குள்! வாடகை ரெண்டு நாள் தள்ளிப்போனாலோ, ராத்திரி நம்ம பசங்க கொஞ்சம் சத்தமாகப் பாட்டுப் போட்டாலோ, மறுநாள் டேங்க் காலி. கேட்டால், "லோ வோல்டேஜ் தம்பி" என்பார்.

1991-ல் சோவியத் யூனியன் உடைந்து 15 நாடுகள் ஆன கதையும் இதுதான். கொடி தனி, நாணயம் தனி, ஐ.நா.வில் நாற்காலி தனி. ஆனால் எரிவாயுக் குழாய், எண்ணெய்க் குழாய், மின்சாரக் கம்பி எல்லாம் மாஸ்கோவை நடுவில் வைத்துப் போட்டவை. தண்டவாளம்கூட ஒரே 1520 மில்லிமீட்டர் அகலம். சுதந்திரப் பத்திரத்தில் கையெழுத்துப் போட ஒரு நாள் போதும். குழாயைத் திருப்பிப் போட?

சுவிட்சை அணைக்கும் பழக்கம் யூனியன் உடைவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. 1990 மார்ச் 11-ல் லித்துவேனியா விடுதலை அறிவித்தது. அடுத்த மாதமே கோர்பச்சேவ் அரசு கச்சா எண்ணெயை நிறுத்தி, எரிவாயுவையும் குறைத்தது. ஜூன் கடைசியில் அந்தச் சின்ன நாடு தன் அறிவிப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்த பிறகுதான் தடை விலகியது.

இந்த இடத்தில் என் ரூம்மேட், மெக்கானிக்கல்காரன், சண்டைக்கு வருவான். "ஏன்டா, வருஷக்கணக்கா அடிமாட்டு விலைக்கு கேஸ் கொடுத்தான். மார்க்கெட் விலை கேட்டா தப்பா?" நியாயமான கேள்விதான். 2006-ல் உக்ரைனிடம் ஆயிரம் கன மீட்டருக்கு 50 டாலரிலிருந்து 230 டாலராக விலையை ஏற்றக் கேட்டது ரஷ்யா. மறுத்ததும் ஜனவரி 1-ந் தேதி, உறைபனிக் காலத்தில், உக்ரைனுக்கான வாயுவை நிறுத்தியது. சரி, வியாபாரம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதே வருஷம், சொன்னபடி கேட்ட பெலாரஸுக்கு விலை சுமார் 47 டாலர்! ஒரே குழாய், ஒரே வாயு. இதற்கு எந்த மார்க்கெட்டில் கணக்கு இருக்கிறது?

2010-ல் இன்னும் அப்பட்டம். செவஸ்தபோல் துறைமுகத்தில் ரஷ்யக் கடற்படை இருக்கும் குத்தகையை 2017-க்கு மேல் இன்னும் 25 வருஷம் நீட்டித்தது உக்ரைன். பதிலுக்கு வாயுவில் 100 டாலர் வரை தள்ளுபடி. 2014 மார்ச்சில் துறைமுகத்தோடு கிரிமியாவையே ரஷ்யா எடுத்துக்கொண்டது. அடுத்த மாதம் என்ன சொன்னார்கள் தெரியுமா? துறைமுகம் எங்களுடையதாகிவிட்டது, இனி குத்தகை எதற்கு, தள்ளுபடி எதற்கு? விலை 485 டாலர்! வீட்டையும் பிடுங்கிக்கொண்டு, அட்வான்ஸையும் திருப்பித் தராத ஓனரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

ரஷ்யா என்றால் நமக்கு ஒரு பாசம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. நெய்வேலியில் முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியில் வந்தது. கூடங்குளத்து உலைகளும் ரஷ்யத் தயாரிப்பு. ஆனால் தூரத்து நண்பனுக்குக் கொடுக்கும் கை வேறு. பக்கத்து வீட்டுக்காரன் தோளில் போடும் கை வேறு. நம்மிடம் நல்லவர் என்பதால் அவர் எல்லோரிடமும் நல்லவர் என்று நாம் சர்டிபிகேட் கொடுக்க முடியாது.

இனி நம்ம சப்ஜெக்ட்டுக்கு வருகிறேன். மெஷின்ஸ் லேபில் ஆல்டர்னேட்டரை சின்க்ரனைஸ் செய்தபோது மூன்று விளக்கையும் முறைத்துப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? வோல்டேஜ், ஃப்ரீக்வென்ஸி, ஃபேஸ் சீக்வென்ஸ் எல்லாம் ஒத்து வரணும். எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா மூன்றும் 2004-ல் நேட்டோவில் சேர்ந்தன, ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேர்ந்தன. ஆனால் அவற்றின் 50 ஹெர்ட்ஸ் மட்டும் அதற்குப் பிறகும் இருபது வருஷம் மாஸ்கோவின் கட்டுப்பாட்டில்! ஃப்ரீக்வென்ஸியைப் பிடித்து வைத்திருப்பவன் நினைத்தால் ஒரு குண்டு போடாமல் மூன்று நாட்டையும் இருட்டாக்கலாம்.

உக்ரைன் இதிலிருந்து விலகிய விதம் நம்மைப் போன்ற எலக்ட்ரிகல் ஆட்களுக்கு மயிர்க்கூச்செறியும் சமாசாரம். 2022 பிப்ரவரி 24 நள்ளிரவு தாண்டி, மூன்று நாள் சோதனைக்காக உக்ரைனும் மால்டோவாவும் ரஷ்ய கிரிட்டிலிருந்து துண்டித்துக்கொண்டன. முன்கூட்டியே குறித்த தேதி. சில மணி நேரத்தில் ரஷ்யப் படை உள்ளே வந்துவிட்டது. திரும்பப் போய் ஒட்டிக்கொள்ளவா முடியும்? மேலே குண்டு விழ, சுமார் மூன்று வாரம் தனித் தீவாக ஃப்ரீக்வென்ஸியைத் தாங்கிப் பிடித்தார்கள். மார்ச் 16-ல் ஐரோப்பிய கிரிட்டோடு இணைந்தார்கள். அந்தக் கன்ட்ரோல் ரூமில் ஷிஃப்ட் பார்த்தவர்களை நினைத்துப் பாருங்கள்!

எல்லோராலும் இது முடியாது என்பதும் உண்மை. கஜகஸ்தானின் ஏற்றுமதி எண்ணெயில் பெரும்பங்கு இன்றைக்கும் ரஷ்ய மண் வழியாக நோவோரோசிஸ்க் துறைமுகத்துக்குத்தான் போகிறது. பேசும் குரலும் அதற்கேற்ற தாழ்வில்தான் இருக்கும். விசுவாசமாக இருந்தாலும் உத்தரவாதம் இல்லை. மாஸ்கோவை நம்பி மால்டோவாவிலிருந்து பிரிந்து நிற்கும் டிரான்ஸ்னிஸ்ட்ரியாவுக்கு 2025 ஜனவரி 1-ல் வாயு நின்றது. உக்ரைன் வழியாகப் போகும் ஒப்பந்தம் முடிந்தது. வேறு வழியில் அனுப்ப காஸ்ப்ரோம் முன்வரவில்லை. பழைய பாக்கியைக் காரணம் காட்டியது. வீடுகளில் வெந்நீரும் கணப்பும் போயின.

பால்டிக் நாடுகள் அவசரப்படவில்லை. போலந்து வழியாக லைன் போட்டார்கள். நாம் பவர் ஃபேக்டர் திருத்தத்துக்கு என்று படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்த சின்க்ரனஸ் கண்டென்சர் இருக்கிறதே, அதை நாட்டுக்கு மூன்றாக ஒன்பது வைத்தார்கள். கிரிட்டில் திடீர் ஆட்டம் வந்தால் அந்தச் சுழலும் எடை தாங்கிக்கொள்ளும். மொத்தச் செலவு சுமார் 160 கோடி யூரோ. "இவ்வளவு செலவு பண்ணி அதே 50 ஹெர்ட்ஸ்தானே?" என்றான் ரூம்மேட். அதே 50தான். ஆனால் கவர்னர் யார் கையில் என்பதற்குத்தான் அந்தப் பணம்.

2025 பிப்ரவரி 8-ல் மூன்றும் ரஷ்ய கிரிட்டை விட்டு விலகின. ஒரு நாளுக்குச் சற்று மேல் தனியாக ஓடிப் பார்த்துவிட்டு, 9-ந் தேதி மதியம் ஐரோப்பாவோடு சேர்ந்துகொண்டன. லாட்வியாவில் பிரேக்கரைத் திறந்ததோடு விடவில்லை. எல்லையோரம் விலாகா என்ற ஊரில், ரஷ்யாவுக்குப் போன லைனை ஊழியர்கள் ஏறி அறுத்தே போட்டுவிட்டார்கள்.