முதலில் கிணற்றைச் சோதிப்போம், பிறகு காசு அனுப்புவோம்

போன மாதம் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தா. பில்டர் விற்க வந்த ஒருவர் எங்கட கிணற்றுத் தண்ணிக்குள் கம்பிகள் பூட்டிய ஒரு கருவியை விட, சற்று நேரத்தில் தண்ணி செம்மண் நிறமாகிவிட்டது. பக்கத்தில் அவர் கொண்டுவந்த தண்ணி தெளிவாகவே இருந்தது. "தம்பி, இதைத்தானே இவ்வளவு காலமும் குடிச்சனாங்கள்?" என்று அம்மா பயந்துபோனா.

அது அழுக்கே இல்லை. மின்சாரம் பாய்ந்ததும் கம்பியின் இரும்பு கரைந்து துருவாகிறது, அவ்வளவுதான். உப்புகள் கரைந்த தண்ணி மின்சாரத்தைக் கடத்தும். உப்பு நீக்கிய தண்ணி அவ்வளவாகக் கடத்தாது. அவருடைய கிளாசிலும் கொஞ்சம் உப்புப் போட்டிருந்தால் அதுவும் சிவந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தின் அடியில் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதற்குள் இறங்கிக் கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. ஒஸ்லோவுக்கோ ஏறக்குறைய 90 சதவீதத் தண்ணீர் மாரிடால்ஸ்வான் ஏரியிலிருந்து. அது மிகவும் மென்மையானது என்பதால், குழாய்கள் அரிக்காமலிருக்க சுத்திகரிப்பு நிலையத்தில் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். ஊரில் அம்மா அகற்ற நினைப்பதைத்தான் இங்கே காசு கொடுத்துப் போடுகிறார்கள்!

கேத்திலில் படியும் வெள்ளை ஒரு தொல்லை, உண்மைதான். வினாகிரி அல்லது தேசிக்காய்ப்புளி விட்டு ஊறவைத்தால் கழன்றுவிடும். ஆனால் தண்ணீரின் கடினத்துக்கு உலக சுகாதார நிறுவனம் உடல்நலம் சார்ந்த உச்ச வரம்பு எதையும் வைக்கவில்லை. நைத்திரேற்றுக்கு வைத்திருக்கிறது: லீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டங்களுக்குப் போடும் உரமும் வீட்டு மலக்குழிகளும் அதை நிலத்தடி நீரில் சேர்க்கின்றன. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அது வரம்பைத் தாண்டியிருப்பதாக ஆய்வுகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணி வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். கல்சியத்தை மட்டும் நீக்கும் வழக்கமான மென்னீர்க் கருவிகளும் அதைப் பிடிக்காது. ஆர்.ஓ. பெருமளவு குறைக்கும், ஆனால் நிறையத் தண்ணியை வெளியே கொட்டும். நல்ல தண்ணி குறைந்தால் கடல் உள்ளே வரும் மண் அது.

2024 ஓகஸ்டில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அந்தக் குழாய் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேரும்வரை கிணறுதான் கதி. கோயிலுக்கும் பாடசாலைக்கும் அள்ளிக் கொடுக்கிற நம் ஊர்ச் சங்கங்கள், ஊர்க் கிணறுகளைச் சோதிக்கவும் கொஞ்சம் ஒதுக்கலாம். கைக்குழந்தை உள்ள வீடுகளில் தொடங்கலாம்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன்: "பில்டரைப் பிறகு பாப்பம். முதல்ல ஒரு போத்தில் தண்ணியை ஆய்வுகூடத்தில குடுங்கோ. நைத்திரேற்றையும் பாக்கச் சொல்லுங்கோ."