காலநிலை நிதிக் கணக்கில் சாதி எங்கே?

2021 நவம்பர் வெள்ளத்தில் நாஞ்சில் நாட்டு வயல்கள் மூழ்கின. பயிர் நிவாரணம் ஹெக்டேர் கணக்கில் வழங்கப்படுவது. நிலமற்ற தலித் கூலித் தொழிலாளர்கள் இழந்த வேலைநாட்களுக்கு அக்கணக்கில் இடமில்லை.

உலகக் கணக்கிலும் இதே குறைதான். ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் காலநிலை நிதி தருவதாக வளர்ந்த நாடுகள் 2009இல் கோபன்ஹேகனில் உறுதியளித்தன. அந்த இலக்கு 2022இல்தான் எட்டப்பட்டதாக ஓஇசிடி அமைப்பு கூறுகிறது. அதன் பொதுநிதியில் பெரும்பங்கு கடன். பாரிஸ் ஒப்பந்தத்தின் 13ஆம் உறுப்பு கோரும் அறிக்கைகளில் நாடு, துறை, தொகை உண்டு, சாதி இல்லை.

ஒன்றிய வரவுசெலவுத் திட்டம் பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீட்டைத் தனி அறிக்கையாக வெளியிடுகிறது. அதனால்தான் அந்நிதி திசைதிருப்பப்படும்போது நம்மால் கேள்வி எழுப்ப முடிகிறது. காலநிலை நிதிக்கும் அத்தகைய கணக்கை, ஊராட்சி வாரியாக வெளியிடுமாறு நாம் கோர வேண்டும்.