பெட்டிக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது?

அய்யலூர்க்காரர்களுக்குத் தக்காளிப் பெட்டியைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இது வேறு பெட்டி. கணினியில் வரைகிற 'பாக்ஸ் பிளாட்'. ஒரு மாதத்து விலைகளை எல்லாம் ஏறுவரிசையில் அடுக்கி, நடுவில் இருக்கிற பாதியைப் பெட்டிக்குள் போட்டு, நட்ட நடு விலைக்கு ஒரு கோடு இழுத்து, மேலும் கீழும் மீசை வைத்தால் அதுதான். ரொம்பத் தாண்டிப் போன விலைகள் தனிப் புள்ளிகளாக நிற்கும். 1970-களில் இதைப் பரப்பியவர் ஜான் டூக்கி என்ற அமெரிக்கர்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதையும் பார்த்தோம். பறிகூலிகூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவதையும் பார்க்கிறோம். இப்படி ஆடுகிற விலைக்கு ஒற்றைச் சராசரியைச் சொல்வதைவிட இந்தப் படம் எவ்வளவோ மேல்.

எனக்குச் சண்டை படத்தோடு இல்லை, அச்சில் எழுதுகிற பெயரோடுதான்.

கல்லூரிப் பிள்ளைகள் இதற்கு 'ஆர்' என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். நியூசிலாந்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் இருவர் உருவாக்கியது. நல்ல மென்பொருள்தான். ஆனால் அதற்குச் சித்திரைக்குப் பின் வைகாசி என்று தெரியாது. நாம் வரிசையைச் சொல்லாவிட்டால் அகராதிப்படி அடுக்கிவிடும். ஆங்கிலப் பெயர் கொடுத்தால் ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர், பிப்ரவரி. தமிழில் கொடுத்தால் ஆடி, ஆவணி, ஆனி, ஐப்பசி.

இதுகூடப் பரவாயில்லை, பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆபத்து அடுத்த படியில் இருக்கிறது. வரிசையைத் திருத்தாமல், பெயரை மட்டும் ஜனவரி, பிப்ரவரி என்று கையால் கொடுத்தால், மென்பொருள் ஏன் என்று கேட்காது. முதல் பெட்டியில் முதல் பெயரை ஒட்டிவிடும். அதாவது ஏப்ரல் விலையின் கீழே ஜனவரி என்று இருக்கும். படம் லட்சணமாக இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. அதை நம்பி ஒருவர் நாற்று விட்டால் நட்டம் அவருக்குத்தான், படம் போட்டவருக்கு அல்ல. ஆகவே முதலில் தரவில் மாத வரிசையைச் சரிசெய்ய வேண்டும். பெயர் ஒட்டுவது பிறகுதான்.

அடுத்தது அலகு. பக்கவாட்டில் வெறுமனே 'விலை' என்று எழுதி என்ன பயன்? அரசின் அக்மார்க்நெட் தளம் குவிண்டாலுக்குச் சொல்கிறது. நம் சந்தையில் பேச்சு பெட்டிக்கு. வீட்டில் கிலோவுக்கு. 'கிலோவுக்கு ரூபாய்' என்று இரண்டு சொல் எழுத யாருக்கு என்ன கஷ்டம்?

பெயர் நீளமாக இருந்தால் இடமில்லை என்று மென்பொருள் சிலவற்றைச் சொல்லாமலே விட்டுவிடும். உடனே பிள்ளைகள் 'லாஸ்' என்பதற்கு 2 கொடுத்து எழுத்தைச் செங்குத்தாக நிறுத்திவிடுகிறார்கள். கழுத்துவலிக்காரர்கள் என்ன செய்வது? என்னைக் கேட்டால் படத்தையே படுக்கப் போடலாம். அதற்கும் ஒரு கட்டளை உண்டு. 'லாஸ்' 1 என்று வைத்து, இடது ஓரத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் புரட்டாசியும் கார்த்திகையும் நேராகவே நிற்கும்.

தமிழில் எழுதினால் பிடிஎஃப்-இல் எழுத்து உடைகிறது என்கிறார்கள். வழக்கமான பிடிஎஃப் கட்டளையில் அப்படித்தான். 'கெய்ரோ' வழியாகச் சேமித்து, கணினியில் நல்ல தமிழ் எழுத்துருவும் இருந்தால் பெரும்பாலும் சரியாக வரும். அப்போதும் ஒருமுறை அச்செடுத்து, கொம்பும் காலும் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, சந்தைக்கு வரும் யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.