சீனத்தின் நோய்ச்சுமை: குறைந்ததா, குறைத்தார்களா?

சீன மக்களின் நீண்டகால நோய்ச்சுமை குறித்த ஆய்வுரைகளில் வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிட்டுப் படித்துப் பாருங்கள். தொற்றுநோய்கள் குறைந்தன. தொற்றா நோய்கள் பெருகின. உணவுப் பழக்கம் மாறியது. எல்லாம் தன்வினை. குறைத்தவர், பெருக்கியவர், மாற்றியவர் எவரும் வாக்கியத்துக்குள் வருவதில்லை. நம் பல்கலைக்கழகக் கருத்தரங்குகளிலும் இதே நடைதான். சீனத்தைப் போற்றுவோரும் தூற்றுவோரும் இதில் மட்டும் ஒன்றுபடுகிறார்கள். பொதுச் சுகாதாரத் துறை நண்பர்கள் இதை அறிவியல் நடை என்பார்கள். மொழியியல் பயின்ற எனக்கு இது எழுவாயைக் களவுகொடுத்த நடையாகவே படுகிறது.

இந்தக் களவுக்கு ஒரு வரலாறு உண்டு. மக்கள்தொகையின் நோய்க்கோலம் காலப்போக்கில் எவ்வாறு பெயர்கிறது என்ற கோட்பாட்டை 1971-இல் முன்வைத்தவர் அப்தெல் ஓம்ரான். கொள்ளைநோயும் பஞ்சமும் முதற்கட்டம். அவை தணிவது இரண்டாம் கட்டம். மூன்றாம் கட்டத்துக்கு அவர் இட்ட பெயர் ‘சிதைவு நோய்களும் மனிதரால் விளைந்த நோய்களும்’. அந்தப் பெயரின் பின்பாதியைக் கவனியுங்கள். விளைவித்தவர் என ஒருவர் அங்கே இருந்தார். பின்வந்தோர் கோட்பாட்டை வைத்துக்கொண்டு அந்தச் சொல்லைக் கழற்றிவிட்டார்கள். அதன் இடத்தில் வந்து அமர்ந்ததுதான் ‘வாழ்க்கைமுறை நோய்’. வாழ்க்கை எவருடையதோ, குற்றமும் அவருடையது என்றாயிற்று.

சீனத்தின் வெற்றிகளையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1991-இல் ஆயிரம் பிறப்புகளுக்கு 61 குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இறந்தன, 2020-இல் 7.5. பேறுகால இறப்பு அதே காலத்தில் இலட்சத்துக்கு 80-இலிருந்து 16.9 ஆயிற்று. இவை தாமாகக் குறையவில்லை. 2000-இல் தொடங்கிய அரசுத் திட்டம் ஏழை மாவட்டங்களின் பெண்களை மருத்துவமனைப் பேற்றுக்குக் கொண்டுவந்தது. அதற்கு வெகு முன்பே 1952-இன் சுகாதார இயக்கமும், பின்னர் வெறுங்கால் மருத்துவர்களும் அடித்தளம் இட்டிருந்தார்கள். ஆனால் கம்யூன்கள் கலைக்கப்பட்டபோது நேர்ந்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எழுபதுகளின் இறுதியில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுச் சிற்றூர்களை எட்டியிருந்த கூட்டுறவு மருத்துவம், எண்பதுகளின் நடுவில் 5 விழுக்காட்டளவில் சுருங்கியது. சுருங்கியது என்று நானும் தன்வினையில் எழுதிவிட்டேன், பாருங்கள். அது தாங்கி நின்ற நிதியமைப்பைக் கலைத்தவர்கள் ஆட்சியாளர்கள். புதிய கிராமக் கூட்டுறவுத் திட்டம் பிறக்க 2003 வரை ஆயிற்று.

அடுத்து உப்பு. இங்கே சற்று நிற்கவேண்டும். 1990 முதல் 2017 வரை பக்கவாதத்தின் சுமை, வயதுக்கட்டமைப்பைச் சமன்செய்து கணக்கிட்டால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துள்ளது. ஆயினும் 2017-இல் சீனத்தின் முதன்மையான உயிர்க்கொல்லி அதுவே. முதுமை கூடிய சமூகத்தில் இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும். காரணங்களுள் முதன்மையானது உயர் இரத்த அழுத்தம். அதன் பின்னணியில் வடசீனச் சமையலின் உப்பு. உடனே ‘பழக்கத்தை மாற்றுங்கள்’ என்ற அறிவுரை. 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு வேறு வழியைக் காட்டியது. 600 சிற்றூர்களில் ஏறத்தாழ 21,000 பேர் பங்கேற்றனர். பாதி ஊர்களுக்கு, சோடியம் குளோரைடில் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு வழங்கப்பட்டது. பக்கவாதம் 14 விழுக்காடு குறைவு. எவர் வாழ்க்கைமுறையும் திருத்தப்படவில்லை, உப்பு திருத்தப்பட்டது. சீன அரசுக்கு இது புதிய வித்தையும் அன்று: உப்பு அதன் ஏகபோகமாக இருந்த தொண்ணூறுகளில் நாடு முழுவதன் உப்பிலும் அயோடினைச் சேர்த்துக் காட்டியது. பிறவினை அதற்கு நன்றாகவே தெரியும்.

தெரிந்தும் செய்யாத இடம் புகையிலை. சீனத்தில் 30 கோடிக்கு மேற்பட்டோர் புகைப்பவர்கள். ஆண்களில் ஏறத்தாழப் பாதி. ஆண்டுக்குப் பத்து இலட்சம் அளவில் உயிர்கள் இதனால் போகின்றன. சிகரெட்டைத் தயாரிப்பது அரசின் சீனத் தேசியப் புகையிலை நிறுவனம். அதை ஒழுங்குபடுத்துவது அரசுப் புகையிலை ஏகபோக நிர்வாகம். இரண்டும் ஒரே அமைப்பின் இரு பெயர்ப்பலகைகள். புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை 2005-இல் ஏற்ற பின்னும், அதைச் செயற்படுத்தும் பொறுப்பு 2018 வரை தொழில் அமைச்சகத்திடம் இருந்தது. புகையிலை நிர்வாகமும் அதே அமைச்சகத்தின் கீழ்தான். உறையில் அச்சுறுத்தும் படம் இன்றும் இல்லை. இத்தனையும் இருக்க, ஆய்வு அட்டவணையில் புகைத்தல் ‘நடத்தைசார் இடர்க்காரணி’. விற்பவனுக்கு அந்த அட்டவணையில் ஒரு கட்டமும் கிடையாது.

காரணத்தை நிறுவாமல் எழுவாயை இடுவது அறிவியலாகுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அதற்குத் தற்கொலை வீதமே உரைகல். 1995–99-இல் இலட்சத்துக்கு 23 என மதிப்பிடப்பட்டது. அக்காலத்தில் ஆண்களைவிடப் பெண்களிடம் மிகுதி, நகரத்தைவிடச் சிற்றூர்களில் மும்மடங்கு. 2009–11-இல் அது பத்தளவுக்கு இறங்கியது. ஒரு தனித் தடுப்புத் திட்டத்தைக் காட்டி இதைச் செய்தது இதுவே எனச் சொல்ல இயலாது. இளம்பெண்கள் ஊரைவிட்டு நகரத் தொழிலிடங்களுக்குப் போனதும், குடும்பப் பூசலிலிருந்தும் கைக்கெட்டும் பூச்சிமருந்திலிருந்தும் ஒருசேர விலகியதும் ஆய்வாளர் பலர் தரும் விளக்கம். மோனோகுரோட்டோபாஸ், பாரத்தியான் உள்ளிட்ட ஐந்து கொடிய மருந்துகளை அரசு 2007-இல் தடைசெய்ததும் உடன் நிகழ்ந்தது. எவ்வளவு எதனால் என்பதில் தயக்கம் இருக்கட்டும். அந்தத் தயக்கத்தை வாக்கியத்திலேயே எழுதலாம். இங்கே எழுவாய் அந்தப் பெண்கள். ‘நகரமயமாதல்’ என்ற தொழிற்பெயரை அவர்கள் இடத்தில் நிறுத்துவதைத்தான் மறுக்கிறேன்.

கணக்கில் ஏறுவதற்கே போராட வேண்டியவர்களும் உண்டு. சீனத்தில் பதிவாகும் தொழில்சார் நோய்களில் மிகப் பெரும்பகுதி தூசியால் நுரையீரல் இறுகும் நோய். 2009-இல் ஹெனான் மாகாணத் தொழிலாளி ஒருவருக்கு மருத்துவமனைகள் பல இந்நோயை ஐயுற்றன. ஆனால் சான்று தரும் உரிமை பெற்ற நிலையத்துக்கு ஆலையின் ஆவணங்கள் வேண்டும். ஆலை தர மறுத்தது. நிலையம் காசநோயைச் சுட்டியது. அவர் தம் மார்பைத் திறந்து நுரையீரலை எடுத்துக் காட்டுமாறு அறுவை மருத்துவரிடம் கேட்டார், திறந்தார்கள், தூசி இருந்தது. 2011-இன் இறுதியில் சட்டம் திருத்தப்பட்டு, முதலாளி ஆவணம் தராதபோதும் நோயை உறுதிசெய்ய வழி பிறந்தது. அதற்குமுன் காசநோய் என்றும் வேறொன்று என்றும் எழுதப்பட்டவர்களின் நுரையீரல்கள், நாம் கருத்தரங்கில் திரையிடும் அந்த வழவழப்பான வளைகோட்டில் எந்த நிறத்தில் இருக்கின்றன?