மருந்துச் சீட்டிலும் கொள்ளை!

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கார் செய்யும் தோழர்களே, உங்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தத்தைப் பாருங்கள். 2019 ஜூலையில் சர்க்கார் வைத்த விகிதப்படி, நூறு ரூபாய் சம்பளத்துக்குத் தொழிலாளி முக்கால் ரூபாய், முதலாளி மூன்றே கால் ரூபாய். 16,000 ரூபாய் சம்பளக்காரர் பேரில் மாதம் 640 ரூபாய் சேருகிறது. அதற்கு முன் முதலாளி கட்டியது நாலே முக்கால். நமக்கு ஒரு ரூபாய் குறைத்து, அவருக்கு ஒன்றரை ரூபாய் குறைத்தார்கள்! இந்தச் சலுகையை யார் கேட்டார்கள்?

இ.எஸ்.ஐ. யாரும் போட்ட பிச்சையல்ல. 1948ஆம் ஆண்டுச் சட்டம். டாக்டர் எழுதும் மருந்தை இ.எஸ்.ஐ. மருந்தகமே விலையின்றித் தர வேண்டும். "ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கொள்" என்ற பேச்சு வந்தால், கட்டிய பணத்துக்கு மேல் இன்னொரு பணம்.

தனியார் டாக்டரிடம் போனாலோ கதை வேறு. சர்க்கரை வியாதிக்கு மெட்பார்மின் என்ற மருந்தின் பெயரை எழுதுகிறவர் எத்தனை பேர்? பெரும்பாலும் சீட்டில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். கடைக்காரர் மனமிரங்கி அதே மருந்தை மலிவான கம்பெனிச் சரக்காகக் கொடுக்கலாமா? கூடாது! டாக்டர் சீட்டுக்கு மட்டுமே விற்கும் மருந்துகளில், எழுதியதற்குப் பதில் வேறு சரக்கைத் தர 1945ஆம் ஆண்டு மருந்து விதிகள் தடுக்கின்றன. ஆகவே கடைக்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை. கயிறு கம்பெனியின் கையில் இருக்கிறது.

பெயர் இல்லாவிட்டால் நோய் தீராதா? வயல்வேலை செய்யும் தோழருக்கு இ.எஸ்.ஐ. இல்லை, ஆரம்ப சுகாதார நிலையம்தான். அங்கே தரும் மருந்தை 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தின் சொந்தப் பெயரிலேயே மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. நோயாளிக்கு விலை கிடையாது. அதே மெட்பார்மின்தான், பட்டுச்சட்டை மட்டும் இல்லை.

கம்பெனிப் பெயர்களைப் படிப்படியாக ஒழியுங்கள் என்று ஹாத்தி கமிட்டி 1975லேயே சொன்னது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் மருந்தின் பெயரையே எழுத வேண்டுமென்று விதி போட்டது. டாக்டர்கள் சங்கம் எதிர்த்தது. தரமில்லாத சரக்கு வரும் என்றார்கள். தரம் சோதிப்பது சர்க்காரின் கடமை. அதைச் செய்யச் சொல்வதை விட்டு விதியையே நிறுத்துவதா? அதே மாதத்தில் நிறுத்தினார்கள்!

நாம் கேட்பது: இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் மருந்து இருக்க வேண்டும். எல்லாச் சீட்டிலும் மருந்தின் பெயர் இருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. டாக்டர் எழுதியதை வெளியே வாங்க நேர்ந்தால், சீட்டையும் பில்லையும் பத்திரமாக வைத்து, சங்கத்தின் மூலம் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.