வாய் கோணினால் மணியைப் பார்!

காலை நேரம். கிள்ளையில் ஒரு வீடு. தாத்தா திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார். திடீரென்று டம்ளர் கையிலிருந்து நழுவுகிறது.

"என்ன தாத்தா?" என்று ஓடி வருகிறாள் பேத்தி. தாத்தா ஏதோ சொல்கிறார். சொல் குழறுகிறது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்கிறது.

வீட்டில் ஒரே கூச்சல். "பித்தம்தான்" என்கிறார் ஒருவர். சோடா வாங்க ஓடுகிறார் இன்னொருவர். "புறா ரத்தம் தேய்த்தால் சரியாகிவிடும்" என்கிறாள் பக்கத்து வீட்டுக் கிழவி.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் கடலூர், சிதம்பரம் பக்கத்தில் இப்படி ஒரு கதை தெரியாத குடும்பம் உண்டா?

ஒரே நோய்; இரண்டு காரணம்

இதன் பெயர் பக்கவாதம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டாலும் வரும், உடைந்துவிட்டாலும் வரும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். வைத்தியமோ நேர் எதிர்! அடைப்பு என்றால், ரத்தக் கட்டியைக் கரைக்க ஊசி உண்டு. உடைப்பு இருக்கும்போது அதே ஊசியைப் போட்டால், அதுவே எமன்.

உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டுவது சி.டி. ஸ்கேன். 1971-ல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்பீல்டு என்ற என்ஜினீயரின் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. அவர் வேலை பார்த்தது, இசைத் தட்டு விற்ற கம்பெனியில்! 1979-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தால் ஸ்கேன் படத்தில் வெள்ளையாகத் தெரியும். சில நிமிடங்களில் விடை கிடைத்துவிடும்.

படம் மட்டும் போதுமா?

போதாது. இதைப் பலர் தெரிந்துகொள்ளவில்லை. அடைப்பினால் வரும் வாதத்தில், முதல் சில மணி நேரம் சி.டி. படம் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கலாம். "படத்தில் ஒன்றும் இல்லையாம்" என்று வீட்டுக்குத் திரும்புவது பெரிய தவறு.

ஆகவேதான் டாக்டர் கையைத் தூக்கச் சொல்கிறார், சிரிக்கச் சொல்கிறார், பேச்சுக் கொடுக்கிறார். உள்ளங்காலைக் கீறிப் பார்க்கிறார். பெருவிரல் மேல்நோக்கி வளைந்தால், மூளையிலோ தண்டுவடத்திலோ கோளாறு என்று பொருள். பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு டாக்டர் 1896-ல் சொன்ன அடையாளம் இது. இன்னும் பழசாகவில்லை! விரலில் குத்திச் சர்க்கரையும் பார்க்கிறார். சர்க்கரை மிகவும் குறைந்தாலும் வாதம் போலவே தோன்றும்.

இவ்வளவும் பார்த்து, ஊசி போடலாமா என்று முடிவு செய்ய வேண்டும். பொதுவாக அதற்குக் கெடு நாலரை மணி நேரம். எப்போதிலிருந்து? நோயாளி நன்றாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்த நேரத்திலிருந்து! தூங்கி எழும்போதே கை வரவில்லை என்றால், ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தார் என்பதே கணக்கு.

இங்கே என்ன வேண்டும்?

சிதம்பரத்தில் 1985-ல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021-ல் அரசு சுகாதாரத் துறையின் கீழ் வந்தது. கடலூரில் அரசு தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சுமார் 45 கிலோமீட்டர். பாதி வழியில் இருக்கும் கிராமத்துக்காரர் எந்தப் பக்கம் போவது? தப்பான வாசலில் நின்று திரும்பினால் ஒரு மணி நேரம் போய்விடும்.

மிஷின் வாங்குவதோடு அரசாங்கத்தின் வேலை முடியாது. ராத்திரி 2 மணிக்கு அதை இயக்க ஆள் வேண்டும்; படம் பார்க்க டாக்டர் வேண்டும்; ஊசி மருந்து கையிருப்பில் வேண்டும். இந்த மூன்றும் எந்த ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் இருக்கிறது என்று, ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரிலும் கொட்டை எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு டப்பா பெயிண்டு போதும்!

வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது இவ்வளவே: 108-க்குப் போன் செய்யுங்கள். சோடா, தண்ணீர், மாத்திரை எதுவும் வாயில் ஊற்றாதீர்கள், போடாதீர்கள், புரையேறிவிடும். நோயாளி தினமும் சாப்பிடும் மருந்துச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டம்ளர் விழுந்தபோது மணி என்ன என்று அந்தச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி, டாக்டர் கையில் கொடுங்கள்.