எல்லை கடக்கும் புகையும் எல்லை கடவாத நீதியும்

காற்றுக்கு வேலி போட எந்த வல்லரசாலும் இயலாது. ஒரு நாட்டின் தொழிற்சாலை கக்கும் புகை அடுத்த நாட்டின் பயிரைக் கருக்குகிறது. ஒரு கண்டத்தில் எரிந்த நிலக்கரி வேறொரு சமுத்திரத்திலுள்ள தீவுகளை அலைவாய்ப்படுத்துகிறது. தீமை செய்தவன் ஒருவன், துன்பம் அனுபவிப்பவன் மற்றொருவன் என்னும் நிலை ஏற்படும்போது, நஷ்டத்தை யார் ஏற்பது, பரிகாரச் செலவை யார் கொடுப்பது என்ற கேள்வி எழுவது இயற்கை. சீதோஷ்ண மாறுதலைப் பற்றி வருஷந்தோறும் கூடும் சர்வதேச மகாநாடுகளில் நடக்கும் வாதங்கள் யாவும் இந்த ஒரு கேள்வியையே சுற்றி வருகின்றன. இது முன்மாதிரி இல்லாத சிக்கலென்று செல்வ நாடுகளின் ராஜதந்திரிகள் கூறி வருகிறார்கள். இக்கூற்றை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. இவ்வழக்கு முன்னொரு முறை விசாரிக்கப்பட்டுத் தீர்ப்பும் பெற்றிருக்கிறது. அன்று வாதியாய் நின்ற தேசம் எது என்பதை நேயர்கள் அறிவது நலம்.

கனடா தேசத்தில், அமெரிக்க ஐக்கிய நாட்டு எல்லைக்குச் சில மைல் வடக்கே, டிரெயில் என்னும் ஊரில் ஈயமும் துத்தநாகமும் உருக்கும் பெரிய ஆலை ஒன்று இருந்தது. அதிலிருந்து கிளம்பிய கந்தகப் புகை கொலம்பியா நதிப் பள்ளத்தாக்கு வழியே தெற்கே இறங்கி, வாஷிங்டன் மாகாணத்துக் குடியானவர்களின் பயிரையும் மரங்களையும் பாழாக்கிற்று. அக்குடியானவர்களுக்காக அமெரிக்க சர்க்கார் வழக்காடினார்கள். 1931-ம் வருஷத்தில் இரு நாட்டுக் கூட்டுக் கமிஷன் 3,50,000 டாலர் நஷ்டஈடு கொடுக்கும்படி சிபார்சு செய்தது. அமெரிக்கா அதனால் திருப்தியடையவில்லை. மூவர் அடங்கிய மத்தியஸ்த சபை நியமிக்கப்பட்டது. அச்சபை 1938-ல் மேலும் 78,000 டாலர் கொடுக்கும்படி தீர்த்தது. 1941-ல் அளித்த இறுதித் தீர்ப்பில், அடுத்த நாட்டிற்குப் புகையால் பெருங்கேடு விளையுமாறு தன் மண்ணை உபயோகிக்கவோ, உபயோகிக்க விடவோ எந்த ராஜ்யத்திற்கும் உரிமையில்லை என்று விதித்தது. ஆலை எவ்வளவு புகை விடலாம் என்பதற்கும் கட்டுப்பாடு ஏற்பட்டது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று நம் பாமரரும் அறிந்த தர்மம் இவ்விதம் சர்வதேச சட்டமாயிற்று.

இனி இன்றைய வழக்கைப் பார்ப்போம். 1992-ம் வருஷத்தில் ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்தின் ஆதரவில் ஏற்பட்ட சீதோஷ்ண உடன்படிக்கை, பொறுப்பு எல்லோர்க்கும் பொது எனினும் அதன் அளவு அவரவர் செய்கைக்கும் சக்திக்கும் ஏற்ப வேறுபடும் என்று ஒப்புக்கொண்டது. கொள்கை பழுதற்றது. ஆனால் 2015-ல் பாரிஸ் நகரில் நடந்தது என்ன? சீதோஷ்ண மாறுதலால் நேரும் இழப்பைப் பற்றிய ஷரத்து ஒன்று உடன்படிக்கையில் இடம் பெற்றது. உடனே, இந்த ஷரத்தைக் கொண்டு எவரும் பொறுப்புச் சாட்டவோ நஷ்டஈடு கோரவோ முடியாது என்ற நிபந்தனை, உடன்படிக்கையை ஏற்ற தீர்மானத்தின் 51-வது பத்தியில் சேர்க்கப்பட்டது. இதற்காக மிகவும் வற்புறுத்தியது, டிரெயில் வழக்கில் நஷ்டஈடு வாங்கிய அதே அமெரிக்கா! மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்னும் பழமொழிக்கு இதைக் காட்டிலும் தெளிவான உரை வேண்டுமோ?

கணக்கைச் சிறிது கவனிப்போம். யந்திரத் தொழில் தொடங்கிய காலமுதல் உலகம் எரித்த நிலக்கரி, எண்ணெய், வாயு ஆகியவற்றால் ஆகாயத்தில் சேர்ந்த கரியமில வாயுவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அமெரிக்க ஐக்கிய நாடு ஒன்றே விட்டது. உலக ஜனத்தொகையில் ஆறில் ஒரு பங்குக்கு மேற்பட்ட மக்கள் வாழும் இந்தியாவின் பங்கு நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு வீதமே. இன்றும் தலைக்கு வருஷம் ஒன்றுக்கு அமெரிக்கர் சுமார் 14 டன்னும் இந்தியர் சுமார் 2 டன்னும் விடுகின்றனர். அண்டை நாடாகிய பாகிஸ்தானத்தில் 2022-ல் பெருவெள்ளம் வந்தது. 1,700-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மூன்று கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் பாதிக்கப்பட்டனர். சேதமும் இழப்பும் 3,000 கோடி டாலரைத் தாண்டின. உலகப் புகையில் அந்நாட்டின் பங்கோ நூற்றில் ஒன்றைக்கூட எட்டாது.

இத்தகைய இழப்புக்கு ஒரு நிதி வேண்டுமென்று சிறு தீவு நாடுகளின் சார்பில் வனுவாட்டு 1991-லேயே பிரேரணை கொண்டுவந்தது. நிதி ஏற்படுத்த உலகம் இசைந்தது 2022-ல், எகிப்து மகாநாட்டில். இடையில் கழிந்தவை முப்பத்தொரு வருஷங்கள். மறு வருஷம் துபாயில் நிதி தொடங்கப்பட்டபோது எல்லா நாடுகளும் சேர்ந்து வாக்களித்த தொகை சுமார் 70 கோடி டாலர். பாகிஸ்தானத்தின் ஒரே வெள்ளத்தில் ஏற்பட்ட நஷ்டத்தில் இது நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. அமெரிக்கா அங்கு வாக்களித்தது 1 கோடியே 75 லக்ஷம் டாலர். 2025-ல் அந்நிதியின் நிர்வாக சபையிலிருந்தே அது விலகிக்கொண்டது.

வாக்குறுதிகளின் கதையும் இதுவே. 2020-ம் வருஷத்திற்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகச் செல்வ நாடுகள் 2009-ல் கோபன்ஹேகனில் கூறின. அத்தொகை எட்டப்பட்டது 2022-ல்தான். அவர்களுடைய பொருளாதார ஸ்தாபனத்தின் கணக்கே இதைக் கூறுகிறது. சர்க்கார்கள் தந்த பணத்திலும் பெரும்பகுதி கடன். அயலான் வீட்டிற்குத் தீ வைத்தவன், அவ்வீட்டைத் திரும்பக் கட்ட வட்டிக்குப் பணம் கொடுத்துவிட்டு அதை உதவி என்று கணக்கெழுதுவது போன்றது இது. 2024 நவம்பரில் பாகு நகரில் ஏழை நாடுகள் ஆண்டுக்கு 1,30,000 கோடி டாலர் கோரின. 2035-க்குள் 30,000 கோடி என்று முடிவாயிற்று. இந்தியப் பிரதிநிதி பேச விரும்பியும், அவர் பேசுமுன்னரே தலைவர் சுத்தியலைத் தட்டித் தீர்மானம் நிறைவேறியதாக அறிவித்தார். நூற்று நாற்பது கோடி ஜனங்களின் குரல் தீர்மானத்திற்குப் பின்னரே சபையேறியது. பணத்தின் குறைவைக் காட்டிலும் இம்முறையின் குறைவே நம்மை அதிகம் வருத்துகிறது.

"நிலக்கரியால் இத்தீங்கு வருமென்று எங்கள் பாட்டனார் அறியார், அறியாமற் செய்ததற்கு எங்களைத் தண்டிப்பது முறையா?" என்று சிலர் கேட்கின்றனர். கேள்வி ஆராயத்தக்கதே. ஆனால் 1850 முதல் 2019 வரை மனிதரால் சேர்ந்த கரியமில வாயுவில் நூற்றுக்கு 42 வீதம் 1990-க்குப் பின் விடப்பட்டது என்று சர்வதேச விஞ்ஞானிகள் குழு கணக்கிட்டிருக்கிறது. அறிந்த பின்னும் தொடர்ந்ததற்கு அறியாமை சமாதானமாகாது. மேலும், பாட்டனார் சேர்த்த சொத்தை அனுபவிப்பவர் அவர் வைத்த கடனை மட்டும் மறுப்பது எந்த ஊர் வழக்கம்?

நியாயம் பேசினால் காரியம் நடவாது என்பது இன்னொரு வாதம். நடந்த காரியமே இதைப் பொய்யாக்குகிறது. குளிர்ப்பெட்டிகளில் உபயோகித்த குளோரோபுளூரோகார்பன் ரசாயனங்கள் ஆகாயத்தின் ஓஸோன் படலத்தை அரித்து வந்தன. 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஏழை நாடுகளுக்குப் பத்து வருஷம் அதிக அவகாசம் அளிக்கப்பட்டது. எனினும், மாற்று யந்திரங்களுக்குப் பணம் எங்கே என்று கேட்டு இந்தியாவும் சீனாவும் வெளியே நின்றன. 1990-ல் லண்டனில் இக்கோரிக்கைக்குச் செவிசாய்த்து ஒரு பொது நிதி ஏற்படுத்தினார்கள். அதன் நிர்வாகக் குழுவில் செல்வ நாடுகளுக்கு ஏழு ஸ்தானம், ஏழை நாடுகளுக்கும் ஏழு ஸ்தானம். வாக்கெடுப்பு நேர்ந்தால் இரு தரப்பிலும் பெரும்பான்மை வேண்டும். அதன்பின் சீனா 1991-லும் இந்தியா 1992-லும் சேர்ந்தன. 2010-க்குள் அந்த ரசாயனங்களின் உற்பத்தி உலகெங்கும் அநேகமாக ஓய்ந்தது. பூமியின் பெரும்பகுதியில் 2040-ம் வருஷ வாக்கில் படலம் பழைய நிலையை எய்துமென்று விஞ்ஞானிகள் கூறுகின்றனர். நியாயம் செய்தார்கள், காரியமும் ஆயிற்று.

ஓஸோன் விஷயத்தில் சில ஆலைகளே சம்பந்தப்பட்டிருந்தன, நிலக்கரியும் எண்ணெயுமோ உலக வாழ்வின் அடிப்படை என்பார்கள். உண்மைதான். ஆனால் சுமை எவ்வளவு பெரிதோ அவ்வளவு தூரம் அதைப் பங்கிடும் முறையில் நேர்மை வேண்டும். இருவர் தூக்கும் பெட்டியில் ஒருவன் ஏமாற்றினால் மற்றவனுக்குத் தோள் வலிக்கும். நூறு பேர் இழுக்கும் தேரில் வடம் பிடிக்க வேண்டியவர்கள் கைவிட்டால் தேரே நகராது.

இனி நம் பக்கத்தையும் மறைக்காமல் சொல்வோம். மொத்தப் புகையில் சீனா 2006 வாக்கிலேயே அமெரிக்காவை மிஞ்சிவிட்டது; இந்தியா இன்று மூன்றாவது ஸ்தானத்தில் இருக்கிறது. தலைக்கணக்கில் சீனரும் உலக சராசரிக்கு மேலே போய்விட்டார்கள்; அவர்கள் இனி ஏழை நாடுகளின் வரிசையில் ஒளிந்து நிற்க இயலாது. நாமோ சராசரிக்குக் கீழே இருக்கிறோம். ஆயினும் அந்தச் சராசரி, குளிர்சாதன மாளிகைகளில் வாழும் சிலரையும் விறகடுப்பில் கண் கலங்கும் பலரையும் ஒன்றாய்க் கூட்டி வகுத்த எண்தான். கடல் அரிப்பால் குடிசை இழக்கும் நம் மீனவனின் வறுமையைக் கேடயமாக்கி நம்மிடையேயுள்ள தனவந்தர்கள் தப்புவார்களாயின், வெளிநாட்டாரிடம் நாம் பேசும் நியாயம் உள்ளே பொள்ளலாகிவிடும்.

எல்லை தாண்டும் புகை நமக்கும் உண்டு. மாரிக்குப்பின் பஞ்சாபில் நெல்தாள் எரியும்போது, எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் எழும் புகை டில்லியையும் லாகூரையும் ஒருங்கே மூடுகிறது. இத்தகைய காற்றுக்கேட்டைத் தடுக்கவென்று இந்தியா உள்ளிட்ட எட்டு நாடுகள் 1998-ல் மாலே நகரில் பிரகடனம் செய்தன. அது வெறும் பிரகடனமாகவே நிற்கிறது. ஒருவரை ஒருவர் குறை கூறுவதில் இரு சர்க்கார்களும் காட்டும் உற்சாகத்தைக் கூட்டு நடவடிக்கையில் காட்டக் காணோம். வாஷிங்டனை நோக்கி டிரெயில் தீர்ப்பைப் படிக்கும் நாம், அதே தீர்ப்பை நம் வீட்டுச் சுவரிலும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டாமா?

காலம் நம் வாதத்திற்கு அனுகூலமாயிருக்கிறது. தென் பசிபிக் சர்வகலாசாலையின் சட்ட மாணவர்கள் தொடங்கிய கிளர்ச்சியை வனுவாட்டு கையேற்று ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்தின் முன் வைத்தது. அதன் பயனாக ஹேக் நகரின் சர்வதேச நியாயஸ்தலம் 2025 ஜூலை 23-ந் தேதி ஏகமனதாய் அபிப்பிராயம் வெளியிட்டது. சீதோஷ்ணத்தைக் காப்பது ராஜ்யங்களின் சட்டப்படியான கடமை என்றும், அதை மீறியவர் பரிகாரம் செய்யவும், காரண காரியத் தொடர்பு ரூபிக்கப்பட்டால் நஷ்டஈடு தரவும் கட்டுப்படக்கூடும் என்றும் நீதிபதிகள் கூறினர். இது ஆலோசனை அபிப்பிராயமே. யாரையும் பலவந்தமாய்க் கட்டாது. எனினும், 1941-ல் ஓர் ஆலையின் புகைக்குச் சொன்ன நியாயம் உலகத்தின் புகைக்கும் பொருந்தும் என்பது இதனால் விளங்கிவிட்டது.

ஆகவே நம் பிரதிநிதிகள் மூன்று விஷயங்களில் உறுதியாய் நிற்க வேண்டும். முதலாவது, செல்வ நாடுகள் தருவது தர்மப் பணமன்று, கடன் தீர்ப்பதே. கடந்த காலப் புகையையும் இன்றைய சக்தியையும் அளந்து பங்கு விதித்து, இழப்புக்கு ஈடாவது மானியமாகவே வர வேண்டும். இரண்டாவது, நிதிகளின் நிர்வாகத்தில் மாண்ட்ரியல் நிதியின் சமவாக்கு முறையைக் கோர வேண்டும். மூன்றாவது, கடலில் மூழ்கும் சிறு தீவுகளுக்கே முதல் உரிமை என்று இந்தியா தானே முன்வந்து சொல்ல வேண்டும். மெலியோர்க்காகப் பேசுகிறோம் என்போர் மெலியோர் தட்டிலிருந்து எடுத்துண்ணலாகாது.

நம் தேசபக்தர்களுக்கு ஒரு வார்த்தை. அன்னியரின் அநீதியை எடுத்துக் காட்டுவது எளிது, அவசியமுங்கூட. அதோடு, நம் சர்க்கார் மகாநாடுகளில் கேட்கும் நியாயத்தை ஊரிலும் செய்கிறார்களா என்று ஓயாமல் கேட்பதும் நம் கடமை. நீதியைக் கேட்கிறவன் கை சுத்தமாயிருந்தால் அவன் குரல் சபையில் தானே ஓங்கும். அந்த யோக்கியதையைத் தேடிக்கொண்டு உலகத்தின் முன் நிற்பதே சுதந்திர இந்தியாவிற்கு அழகு.